பூசானில் ஒரே நாளில் ஏழு இடங்கள் வேண்டாம்

பயண நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த தாளில், தென்கொரியாவின் பூசான் நகரத்துக்கு ஒதுக்கிய நாளுக்குக் கீழே ஏழு இடங்கள் இருந்தன. கடலோரக் கோயில், ஹேயுண்டே கடற்கரை, கேப்சூல் ரயில், ஜகல்ச்சி மீன் சந்தை, கம்சொன் மலைக் கிராமம், கடைத்தெரு, இரவில் க்வாங்கான் பாலம். சொன்னபடி ஏழுக்கும் அழைத்துப் போனார்கள், ஒன்றையும் விடவில்லை. என் குறையே அதுதான். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் பயணத்தில் ஒரு நாளுக்கு இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் விற்பவர்களும் விற்கக் கூடாது, வாங்குபவர்களும் கேட்கக் கூடாது.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் பதினோரு பேர் போனோம். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. நாத்தனாரின் பேரனுக்கு நாலு வயது. பேருந்தில் எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள்.

காலையில் முதலில் ஹேடோங் யோங்குங்சா கோயில். கொரியாவில் பழைய பௌத்தக் கோயில்கள் பெரும்பாலும் மலைக்குள் இருக்கும். இது அலை மோதும் பாறை மேல் நிற்கிறது. 1376இல் நாவோங் என்ற துறவி நிறுவியது, 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்துபோய், மறுபடி எழுப்பப்பட்டது. மனதார ஒன்று வேண்டிக்கொண்டால் கிடைக்கும் என்பது அந்த ஊர்க்காரர்கள் நம்பிக்கை. கோயிலுக்குப் போக 108 படி இறங்க வேண்டும். எங்களுக்குத் தந்த நேரம் நாற்பது நிமிடம். அத்தை கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கி, கடல் தெரியும் இடத்துக்கு வந்து மூச்சு வாங்கும்போதே வழிகாட்டிப் பெண் கொடியை உயர்த்திவிட்டாள். "இன்னும் கும்பிடவே இல்லையேம்மா" என்றார் அத்தை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த இடத்துக்கு எடுத்த டிக்கெட்டில் நேரம் அச்சிட்டிருந்தது, அவள் என்ன செய்வாள்? நாற்பது நிமிடம் என்று எழுதியவருக்கு ஒரு முதியவரின் முழங்கால் நினைவில் இல்லை. நான் பேசுவது அவரிடம்தான்.

கேப்சூல் ரயிலைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். ரயில் போக்குவரத்து நின்றுபோன பழைய கடலோரத் தடத்தை 2020இல் பூங்காவாக மாற்றி, தரைக்கு மேலே இன்னொரு தடம் போட்டு, சின்னச் சின்னப் பெட்டிகளை ஓட விட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டியில் நாலு பேர்தான். மீப்போவிலிருந்து சோங்சாப்போ வரை இரண்டு கிலோமீட்டர், நடக்கிற வேகத்தில் அரை மணி நேரம். கொடி பிடித்து யாரும் அவசரப்படுத்த முடியாத ஒரே இடம் அதுதான். நானும் அத்தையும் பேரனும் அவன் அம்மாவும் ஒரு பெட்டியில் இருந்தோம். அத்தை தன் கல்யாணத்துக்கு மறுநாள் ராமேஸ்வரம் போன கதையைச் சொன்னார். இத்தனை வருஷமாக நான் கேட்டிராத கதை. ஊர் திரும்பிய பிறகு "கொரியாவில் என்ன பார்த்தீங்க?" என்று யார் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது அந்தப் பெட்டியைத்தான்.

மதியச் சாப்பாட்டுக்காக ஊரைக் குறுக்கே கடந்து ஓர் இந்திய உணவகத்துக்குப் போனதில் பெரும்பகுதி நேரம் சாலையிலேயே கழிந்தது. சைவக்காரர்களுக்குக் கொரியாவில் சாப்பாடு கஷ்டம் என்பது உண்மை. கிம்ச்சியில்கூட மீன் சாறோ இறால் உப்போ சேர்ந்திருக்கும். ஆனால் வழியே இல்லாமல் இல்லை. முட்டையும் இறைச்சியும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் காய்கறி பிபிம்பாப் என்ற கலவைச் சோறு கிடைக்கும். கடைத்தெருவில் சூடாகச் சுட்டு, நடுவே விதைகளை நிரப்பித் தரும் ஹோத்தோக் என்ற இனிப்பு அப்பத்தை அத்தை இரண்டாவதும் கேட்டு வாங்கினார்.

பூசானை இப்படி ஓடிக்கொண்டே பார்ப்பதில் எனக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்றால், அந்த ஊரின் கதையே குடும்பங்களின் கதை. 1950இல் கொரியப் போர் மூண்டு தலைநகர் சோல் வீழ்ந்த பிறகு, போர்க்காலத்தின் பெரும்பகுதியில் நாட்டின் தற்காலிகத் தலைநகரம் பூசான்தான். வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே ஓடிவந்தார்கள். வழியில் பிரிய நேர்ந்தால் எங்கே சந்திப்பது? பூசானில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஓர் இடம் யோங்டோ பாலம். கப்பல் போவதற்காக ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் அது, 1934இல் கட்டியது. அங்கே சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்தவர்கள் பாலத்தடியில் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களை நம்பி அங்கே குறிசொல்பவர்களும் கடை போட்டார்கள். வராதவர்களைத் தேடி 1983இல் கொரிய அரசுத் தொலைக்காட்சி கேபிஎஸ் 138 நாள் நேரலை நடத்தியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. அந்தப் பதிவுகள் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட பாலம் ஜகல்ச்சி சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. எங்கள் பேருந்து அதைக் கடந்தே போனது. தாளில் இல்லாததால் நிற்கவில்லை.

நம்மைத் தொடும் கதை ஒன்றும் அங்கே விட்டுப்போகிறது. 1950 நவம்பரில் இந்தியாவின் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு வந்திறங்கியது பூசானில்தான். அதன் தலைவர் ஏ.ஜி. ரங்கராஜ், பின்னாளில் மகாவீர் சக்ரா பெற்றவர். அடுத்த மாதமே சீனப் படை நெருங்க, பியோங்யாங்கை விட்டு எல்லோரும் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளைக் கைவிட மனமில்லாமல் அவருடைய ஆட்கள் ஒரு ரயில் இன்ஜினைப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பி, தாங்களே ஓட்டிவந்தார்கள். உலகிலேயே ஐ.நா. சபையின் ஒரே போர்வீரர் கல்லறைத் தோட்டமும் பூசானில்தான் இருக்கிறது, சுமார் 2,300 பேர் அங்கே உறங்குகிறார்கள். நம் ஊரிலிருந்து போகும் குழுக்கள் அரை மணி நேரமாவது அங்கே நிற்க வேண்டாமா?

கம்சொன் கிராமத்தில் அவசரம் இன்னொரு விதத்தில் தவறு. அகதிகள் மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. முன்வீடு பின்வீட்டின் பார்வையை மறைக்காத அமைப்பு. 2009 முதல் ஓவியமும் சிற்பமும் வைத்து அழகுபடுத்தியதால் கூட்டம் வருகிறது. ஆனால் இன்றும் அங்கே மனிதர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், குடியிருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் முப்பது பேரையும் திரட்டப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினால், யாரோ ஒரு பாட்டியின் சமையலறை ஜன்னலுக்கு வெளியேதான் கத்துகிறோம்.

"இவ்வளவு பணம் கட்டி ஒரே தடவை போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்று என் கொழுந்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. சேமித்த பணம், எளிதில் கிடைக்காத விடுப்பு, விசாவுக்கு அலைந்த அலைச்சல் எல்லாம் அதில் இருக்கின்றன. அவருக்கு என் பதில்: எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போகத் தேவையில்லை. பூசான் மெட்ரோ ஜகல்ச்சிக்கும் போகிறது, ஹேயுண்டேவுக்கும் போகிறது. நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் ஏழு இடம் ஓடட்டும். பெரியவர்களுக்குக் காலையில் கோயில், அதுவும் இரண்டு மணி நேரம். மதியம் விடுதியில் படுக்கை. மாலையில் எல்லோரும் க்வாங்கான் கடற்கரையில் சேர்ந்துகொள்ளலாம். பேருந்துச் செலவும் குறையும். இந்த ஏற்பாட்டை ஒரு பயண நிறுவனம் தாளில் அச்சடித்துத் தரட்டும், நானே பத்துக் குடும்பங்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

பதிவு செய்யும்போது இன்னொன்றும் கேளுங்கள்: பூசான் நாள் சனிக்கிழமையில் விழட்டும். யோங்டோ பாலத்தைத் தூக்குவது சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. க்வாங்கானில் ட்ரோன் காட்சி நடப்பதும் அன்று இரவுதான்.