காப்பி அடித்த சித்திரம்

பரீட்சை மண்டபத்தில் இருபது வருஷ காலம் மேற்பார்வை பார்த்தவர்களுக்கு ஒரு தனிக் கண் ஏற்பட்டுவிடுகிறது. பையனுடைய கழுத்து அரை அங்குலம் திரும்பினால் போதும். அவன் காப்பி அடிக்கிறான் என்று தெரிந்துவிடும். இந்தக் கண்ணை மண்டபத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் எவ்வளவோ நலம். நாம் அப்படிச் செய்வதில்லை.

சென்ற வருஷம் நமது பள்ளிக்கூடத்துச் சித்திரக் கண்காட்சிக்கு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு படம் கொண்டுவந்தான். மேட்டுப் பாதையில் ஏறிப் போகும் மாட்டு வண்டி. அதே படத்தை ஒரு பத்திரிகையின் மேலட்டையில் நாம் பார்த்திருந்தோம். உடனே சிவப்பு மையை எடுத்து இடது பக்கக் கீழ் மூலையில் "காப்பி" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பையன் வாய் திறவாமல் வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் படம் எதுவும் கொண்டுவரவில்லை. அதை நாம் கவனிக்கவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

போன மாதம் கணக்கு நோட்டுகளைத் திருத்தும்போது, அவனுடைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் அதே வண்டியைக் கண்டோம். பதினொரு தடவை! மாட்டுக்குக் கொம்பு இல்லை. வண்டிக்காரனுக்கு முகம் இல்லை. ஒரு கட்டம், அதற்குள் ஒரு சாய்ந்த கோடு, கோட்டின்மேல் ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் திட்டு நடுவில் இருந்தது. இன்னொன்றில் மேலே, மற்றொன்றில் ஓரத்தில்.

"என்னப்பா இது?" என்று கேட்டோம்.

"வண்டியை நடுவிலே வைத்தால் அது நின்றுவிடுகிறது, ஸார். இடது பக்கம் கீழே வைத்தால்தான் போகிறது. ஏன் என்று பார்த்தேன்" என்றான்.

நேயர்களே, அன்று இரவு நமக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பி.ஏ. பட்டம் பெற்ற நாம் அந்த மேலட்டையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். வண்டி போகிறதா, நிற்கிறதா என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா?

வின்ஸென்ட் வான் கோ என்ற டச்சு ஓவியர் 1880-ஆம் வருஷம், தமது இருபத்தேழாவது வயதில்தான் ஓவியராவது என்று தீர்மானித்தார். தீர்மானித்ததும் முதலில் செய்த காரியம் காப்பி அடித்ததுதான். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1850-இல் விதை விதைக்கும் குடியானவன் ஒருவனைத் தீட்டியிருந்தார். அந்தப் படத்தின் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு வான் கோ வரைந்தார், மறுபடியும் வரைந்தார். 1887-இல் பாரிஸில் இருந்தபோது, ஹிரோஷிகே என்ற ஜப்பானியச் சித்திரக்காரர் 1857-இல் வெளியிட்ட பிளம் தோட்டத்துப் படம் அவருக்குக் கிடைத்தது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துக் கோட்டைப் பதிய எடுத்து, கட்டம் போட்டுத் துணியில் பெரிதாக்கினார். கட்டம் போட்ட அந்தத் தாள்கூட இன்றும் இருக்கிறது. அந்த ஜப்பானியப் படத்தில் ஒரு விசேஷம்: ஒரு மரம் நம் மூக்கில் இடிப்பதுபோல் முன்னால் வந்து நிற்கும், அதன் கிளைகளைப் படத்தின் ஓரம் வெட்டிவிடும், தோட்டம் பார்க்க வந்த மனிதர்கள் அப்பால் எறும்புகளைப்போலத் தெரிவார்கள்.

மறு வருஷம், 1888 நவம்பரில், ஆர்ல் நகரத்தில் வான் கோ தாமே ஒரு விதைக்கிறவனைத் தீட்டினார். ஆள் மில்லேயிடம் கற்றவன். படத்தின் குறுக்கே சாய்ந்து நிற்கும் மரமோ ஹிரோஷிகேயிடம் கற்றது. ஆனால் விதைக்கிறவனுடைய தலைக்குப் பின்னால், தெய்வத்தின் பிரபையைப்போல ஒரு பிரம்மாண்டமான மஞ்சள் சூரியன் இருக்கிறதே, அதை அந்த இரண்டு படங்களிலும் தேடினாலும் காண முடியாது. இதைக் காப்பி என்று எந்த உபாத்தியாயர் எழுதுவார்? நம்மைப் போன்ற ஒருவர் எழுதியிருக்கக்கூடும்.

அதற்கு அடுத்த வருஷம் நோயுற்று ஸான் ரெமி ஆசிரமத்தில் இருந்தபோதும் அவர் மில்லேயை விடவில்லை. வர்ணமில்லாத அச்சுப் படங்களைப் பார்த்துச் சுமார் இருபது படங்களைத் தம் சொந்த வர்ணத்தில் தீட்டினார். இது பிறர் இயற்றிய இசையை வாத்தியக்காரன் வாசிப்பதைப் போன்றது என்பது அவருடைய கட்சி. நம் வீட்டுப் பெண் தியாகையர் கிருதியைப் பாடினால் அதை யாரும் திருட்டு என்பதில்லை. சித்திரத்துக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

அயல் நாட்டுக்குத்தானா போக வேண்டும் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வங்காளத்து நந்தலால் போஸ் இளைஞராக இருந்தபோது, 1909-10-இல், அஜந்தாக் குகைகளில் உட்கார்ந்து சுவர்ச் சித்திரங்களைப் பிரதி எடுத்தார். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காக அவர் தீட்டிய படங்களில் இருந்தவர்கள் நம் கிராமத்து ஜனங்கள். அஜந்தாவின் ராஜகுமாரர்கள் அல்ல.

ஆனால் காப்பி எல்லாம் ஒன்றல்ல. ரவிவர்மாவின் லக்ஷ்மி படத்தை மாட்டி வைத்து, நகைகளை ஒவ்வொன்றாக எண்ணி வரையும் பிள்ளைகள் உண்டு. கை திருந்தும், நாம் மறுக்கவில்லை. ஆனால் தேவி ஏன் நட்டநடுவில் நிமிர்ந்து நிற்கிறாள் என்று அவர்கள் கேட்பதில்லை. நமது பையன் சொல்லிவிட்டானே, நடுவில் வைத்தால் நின்றுவிடும் என்று! பூஜையில் வைக்கும் படத்தில் தெய்வம் நிற்கத்தானே வேண்டும்? கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நகையும் முகமும் மறைந்து, இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, கனம் எந்தப் பக்கம் என்பவை மட்டும் தெரியும். அதை ஒரு சிறு கட்டத்துக்குள் வரைய வேண்டும். பிறகு ஒன்றை இடம் மாற்றி, என்ன கெடுகிறது என்று பார்க்க வேண்டும். தீப்பெட்டி அளவு போதும். காகிதமும் அதிகம் செலவாகாது. கணக்கு நோட்டைத் தொட வேண்டியதில்லை.

பழைய படத்தைக் கொண்டுவரச் சொல்லி, இந்த வருஷக் கண்காட்சியில் வைக்கலாம் என்றோம். மறுநாள் கொண்டுவந்தான். நாம் எழுதிய சிவப்பு எழுத்தைக் காணவில்லை. மை அழியவில்லையாம், ஆகையால் இடது பக்கத்தில் இரண்டு விரற்கடை அகலம் மேலிருந்து கீழ்வரை கத்தரித்துவிட்டானாம். வண்டி இப்போது ஓரத்தை ஒட்டி வந்துவிட்டது. முன்னால் பாதை நீண்டு கிடக்கிறது.

"இப்போது இன்னும் வேகமாகப் போகிறது, ஸார்" என்றான்.