மலிவு விலை, ஸ்டாக் இல்லை

அமெரிக்க ராணுவம்னு சொன்னா நமக்கெல்லாம் விமானம் தாங்கிக் கப்பலும் ஏவுகணையும்தான் ஞாபகத்துக்கு வரும். பால் பாட்டிலும் டயப்பரும் வராது. ஆனா இந்த நாட்டுல ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக நடத்தற குழந்தைக் காப்பகங்கள்ல ஆகப் பெரிய அமைப்பு ராணுவத்தோடதுதான். நான் இருக்கிற வர்ஜீனியா கடற்கரைப் பக்கம் தெருவுக்கு ரெண்டு வீடாவது கடற்படைக் குடும்பமா இருக்கும். அதனால இது எனக்குக் கொஞ்சம் பக்கத்துல இருந்து பார்த்த விஷயம்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன்.

1973ல கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்தது. அதுக்கப்புறம் விருப்பப்பட்டு வர்றவங்களை வெச்சுத்தான் படை நடத்தணும். அப்படி வந்து தங்கறவங்களுக்குக் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். அந்தக் குழந்தைகளை விட இருந்த இடங்கள் பலதும் 80கள்ல படுமோசம். தீ விபத்துப் பாதுகாப்பு கிடையாது, பயிற்சி இல்லாத ஆட்கள், சில தளங்கள்ல குழந்தைகளுக்குக் கொடுமை நடந்ததா புகார்கள் வேற. நாறிப் போன பிறகுதான் 1989ல ராணுவக் குழந்தைக் காப்பகச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் சொன்னது ரொம்ப எளிமையான விஷயங்கள். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்து இருக்கணும். பெற்றோர் கட்டற தொகைக்குக் குறையாம அரசும் போடணும். ஆயாக்களுக்குப் பயிற்சி கொடுக்கணும், பயிற்சிக்கு ஏத்த மாதிரி சம்பளம் ஏறணும். வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லாம கொள்ளாம வந்து சோதனை போடணும். அவ்வளவுதான். வெளியில டே கேருக்குக் கொட்டி அழற எங்களை மாதிரி ஆட்கள் (எங்க வீட்டுல வாடகைக்கு அடுத்த பெரிய செலவு அதுதான்) பெருமூச்சு விடற மாதிரியான ஏற்பாடு.

நிற்க. இப்ப விஷயத்துக்கு வரேன்.

ரேஷன் கடையில அரிசி விலை போர்டுல அழகா எழுதியிருக்கும். பக்கத்துலயே இன்னொரு போர்டு தொங்கும், 'ஸ்டாக் இல்லை'ன்னு. விலை மலிவுங்கறது வேற, கைக்குக் கிடைக்கிறதுங்கறது வேற. ராணுவக் காப்பகங்களோட கதை இன்னிக்கு இதேதான்.

பக்கத்து வீட்டுல ஒரு குடும்பம் இருந்தது. அவர் கப்பல்ல, அந்தம்மா நர்ஸ். மாற்றலாகி வந்தப்ப கையில மூணு மாசக் குழந்தை. தளத்துக் காப்பகத்துல பேர் பதிஞ்சாங்க. காத்திருங்கன்னு பதில். மாசம் ஓடுது, அவர் கடலுக்குப் போயாச்சு. வெளியில விடலாம்னா அந்தம்மா சம்பளத்துல பாதிக்கு மேல அதுக்கே போகும், அதுவும் அவங்களோட நைட் ஷிப்டுக்கு எந்த டே கேரும் திறந்திருக்காது. கடைசியில வேலையை விட்டாங்க. குழந்தைக்கு ஒன்றரை வயசாகும்போது இடம் வந்தது. அடுத்த சில மாசத்துல அடுத்த மாற்றல் உத்தரவும் வந்தது!

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் ஊர் மாறணும்ங்கறது இந்த வேலையோட விதி. 2021ல பாதுகாப்புத் துறையே எடுத்த கணக்குப்படி, பணியில இருக்கிற வீரர்களோட வாழ்க்கைத்துணைகள்ல வேலைக்குப் போக நினைக்கிறவங்கள்ல 21 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. ஊர் மாறறது ஒரு காரணம், குழந்தையை யார்கிட்ட விடறதுங்கறது இன்னொரு காரணம்.

சரி, ஏன் இடம் இல்லை? கட்டடம் பத்தாதுங்கறது ஒண்ணு. ஆனா பல இடத்துல அறை இருக்கு, தொட்டில் இருக்கு, ஆள் இல்லை. கைக்குழந்தைகள்னா நாலு குழந்தைக்கு ஒருத்தர் இருந்தே ஆகணும். நல்ல விதிதான், தளர்த்தவே கூடாது. ஆனா ஒரு ஆயா வேலையை விட்டுப் போனா நாலு குழந்தைக்கு இடம் போச்சு. பக்கத்துக் கடையில பில் போட்டா இதை விடக் கூடவோ குறையவோ அதே சம்பளம் கிடைக்கும்னா, நாள் முழுக்க நாலு குழந்தையைத் தூக்கிச் சுமக்க யார் வருவாங்க? 2022ல ஊழியர்களோட முதல் குழந்தைக்குக் கட்டணத்துல பாதி தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. நல்ல யோசனை. ஆனா 2025 பிப்ரவரி கடைசியில பாதுகாப்புத் துறையில சிவிலியன் வேலைகளுக்கு ஆளெடுக்கறதையே நிறுத்தி வெச்சாங்க. மார்ச் மாசம் காப்பக ஊழியர்களுக்கு விலக்கு கொடுக்க வேண்டியதாச்சு. ஏற்கனவே ஓட்டைப் பானை, அதுல இன்னொரு தட்டு.

தளத்துல இடமில்லைன்னா வெளிக் காப்பகத்துக்கு உதவித்தொகை தர்ற திட்டமும் இருக்கு. ஆனா அந்தக் காப்பகம் தேசிய அளவிலான அங்கீகாரம் வாங்கினதா இருக்கணும்னு நிபந்தனை. பெரும்பாலான காப்பகங்கள்கிட்ட அது கிடையாது. 2019ல இங்க வர்ஜீனியாலயும் மேரிலாண்ட்லயும் மாநிலத் தரமதிப்பீடு இருந்தாலே போதும்னு தளர்த்த ஆரம்பிச்சாங்க. அதுதான் சரியான திசை.

நம்மாளுங்களுக்கு இந்தப் பிரச்சனைக்கு ஒரு தீர்வு உண்டு. முதல் ஆறு மாசம் பொண்ணோட அம்மா, அடுத்த ஆறு மாசம் பையனோட அம்மா, விசிட்டர் விசாவுல ரிலே ரேஸ் :-) அந்தக் கப்பல்காரருக்கு அம்மா இருக்கறது ரெண்டாயிரம் மைல் தள்ளி, அவங்களும் வேலைக்குப் போறவங்க. பாட்டியை நம்பி ஒரு நாட்டோட படை நடக்க முடியாது.

"இவங்களுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல், நாங்க முழுக் காசு கட்டலையா?"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனா கோபம் போக வேண்டிய இடம் வேற. எல்லாக் குடும்பங்களுக்கும் வருமானத்துக்கு ஏத்த காப்பக வசதின்னு 1971ல காங்கிரஸ் மசோதா நிறைவேத்தினது. ஜனாதிபதி நிக்சன் அதை ரத்து பண்ணினார். அதுக்கு முன்னாடி இரண்டாம் உலகப்போர் சமயத்துல பெண்கள் தொழிற்சாலைக்கு வரணும்னு அரசுப் பணத்துல காப்பகம் நடத்தினாங்க, போர் முடிஞ்சு 1946ல அந்தப் பணத்தை நிறுத்திட்டாங்க. ஆக, முடியாத காரியம் இல்லை. தனக்குத் தேவைன்னா அரசாங்கம் செய்யும். ராணுவக் காப்பகம் அதுக்கு நடமாடும் சாட்சி. அதைப் பிடுங்கறதால நமக்கு ஒண்ணும் கிடைக்கப் போறதில்லை.

என்னைக் கேட்டா செய்ய வேண்டியது மூணு. ஆயாக்களுக்குச் சம்பளத்தை ஒழுங்கா ஏத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம். மாற்றல் உத்தரவு கொடுக்கும்போதே புது ஊர்ல குழந்தைக்கு இடத்தையும் உறுதி பண்ணுங்க. தளத்துல இடமில்லைன்னா, அன்னிக்கே வெளிக் காப்பகத்துக்கான பணம் அந்தக் குடும்பத்துக்குப் போகட்டும், அங்கீகாரச் சான்றிதழ் தேடி அலைய விடாதீங்க.

ஒரு சிப்பாய் எங்க போகணும், எப்ப போகணும், எத்தனை மாசம் இருக்கணும்னு எல்லாத்தையும் அரசாங்கம்தான் முடிவு பண்ணுது. அப்ப அந்த வீட்டுக் குழந்தை பகல்ல எங்க இருக்கும்ங்கற கவலையிலயும் பாதி அரசாங்கத்தோடதுதான். சட்டம் அதை 1989லயே ஒத்துக்கிட்டாச்சு. இன்னும் பாக்கி, தொங்கற அந்த ரெண்டாவது போர்டைக் கழட்டறது.