மால்கம் என்றொரு நல்ல பிள்ளை

'மேக்பெத்' படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சூனியக்காரிகள் ஞாபகமிருக்கும். கை கழுவும் சீமாட்டி ஞாபகமிருக்கும். கடைசியில் கிரீடம் யார் தலைக்குப் போனது என்றால் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். பாவம், மால்கம்!

கொலையுண்ட ராஜா டங்கனின் மூத்த மகன். 'எனக்கப்புறம் இவன்தான்' என்று அப்பா சபையிலேயே அறிவித்த வாரிசு. அப்பா செத்த காலையில் பையன் வாளை உருவவில்லை, சபதம் போடவில்லை. தம்பி அயர்லாந்துக்கு, இவன் இங்கிலாந்துக்கு... எஸ்கேப்!

ஆசாமி யாரென்று நாலாவது அங்கத்தில்தான் தெரிகிறது. ஸ்காட்லாந்திலிருந்து மக்டஃப் ஓடிவந்து, 'கிளம்புங்க, நாட்டைக் காப்பாத்தணும்' என்கிறான். இவன் மேக்பெத்தின் உளவாளியாக இருந்தால்? மால்கம் ஒரு டெஸ்ட் வைக்கிறான். தான் மகா ஸ்திரீலோலன் என்கிறான். பரவாயில்லை, ரகசியமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் மக்டஃப். பேராசைக்காரன், பிரபுக்களின் நிலத்தையெல்லாம் பிடுங்குவேன் என்கிறான். அதையும் சகித்துக்கொள்ளலாமாம். (ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போது நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதேதான்!) நீதி, இரக்கம், பொறுமை எதுவுமே கிடையாது என்றதும்தான் மக்டஃப் மனசு விட்டுப்போகிறான்.

அப்புறம்தான் மால்கம் உண்மையை அவிழ்க்கிறான். பெண் வாசனையே தெரியாதாம். வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யே இப்போது தன்னைப் பற்றிச் சொன்னதுதானாம். மேக்பெத்துக்கு முகத்தில் புன்னகை, உள்ளே கத்தி. இவனுக்கு நேர் தலைகீழ்.

எனக்கு உறுத்துவது அடுத்த நிமிஷம். மக்டஃபின் மனைவி, குழந்தைகள் வெட்டப்பட்ட சேதி வருகிறது. மனுஷனை அழக்கூட விடாமல், பழிவாங்குவதுதான் மருந்து என்கிறான் மால்கம். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை என்று மக்டஃப் முனகுகிறான். 'அவன்' மேக்பெத்தா, பக்கத்தில் நிற்கும் மால்கமா என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் மால்கம் கட்சி.

நிஜ சரித்திரம் இத்தனை சுத்தமில்லை. டங்கன் 1040-ல் படுக்கையில் குத்துப்பட்டுச் சாகவில்லை, சண்டையில் செத்தார். அப்பாவுக்கப்புறம் பிள்ளைதான் என்ற கட்டாயம் அந்த நாள் ஸ்காட்லாந்தில் இல்லை. மேக்பெத்துக்கும் உரிமை இருந்தது. பதினேழு வருஷம் ஆண்டார். 1057-ல் மால்கம் அவரைத் தீர்த்துக்கட்டியும் கிரீடம் உடனே வரவில்லை. மேக்பெத் மனைவியின் பிள்ளை லூலாக் குறுக்கே வந்தான். 1058-ல் அவனையும் கொன்ற பிறகே 'நல்ல பிள்ளை' ராஜாவானது.

போலன்ஸ்கியின் 1971 படம் பட்டாபிஷேகத்தோடு முடிவதில்லை. தம்பி டொனால்பெய்ன் தனியாகக் குதிரையில் வந்து சூனியக்காரிகளைத் தேடிப் போகிறான். இயக்குநரின் குறும்பு என்று நினைக்காதீர்கள். 1093-ல் மால்கம் செத்ததும் சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தது சாட்சாத் அந்தத் தம்பிதான்!