பாட்டரிக்கு ஒரு கட்டம் போடுங்கள்

பேரன் பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றை விலைபேசி வைத்திருந்தான், கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்கு வேலைக்குப் போய்வர. "பெட்ரோல் செலவே கிடையாது தாத்தா" என்றான். மூன்று வருஷ வண்டி. ஒரு சார்ஜுக்கு எண்பது கிலோமீட்டர் என்று விற்பவர் சத்தியம் செய்தார். முழு சார்ஜோடு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பாலாற்றுப் பாலம் தாண்டிச் செங்கல்பட்டு போனவன், திரும்பும்போது படாளத்தில் நின்றுவிட்டான். நாற்பதுகூடத் தேறவில்லை. குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

விற்றவர் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. கோபமெல்லாம் காகிதத்தின் மேல். பணிக்காலம் முழுவதும் படிவங்களைச் சரிபார்த்தவன் நான். பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, ஃபாரம் 30. பதிவு எண், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் கேட்கிறார்கள். பாட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. இந்த வண்டியில் பாட்டரி போனால் மிஞ்சுவது தகரமும் பிளாஸ்டிக்கும்தானே?

பெட்ரோல் வண்டியையும் அப்படித்தானே வாங்கினோம் என்பீர்கள். பழைய டிவிஎஸ் 50 என்றால் புகையைப் பார்த்தே மெக்கானிக் சொல்லிவிடுவார். பாட்டரிக்குப் புகை ஏது? புகை வந்தால் எல்லாம் முடிந்தது. 2022 மார்ச்சில் வேலூரில், புதிதாக வாங்கிய வண்டி இரவு சார்ஜில் இருந்தபோது தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறிச் செத்தார்கள். அதன்பிறகுதான் மத்திய அரசு பாட்டரி சோதனை விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தது. சரி, அதற்கு முன்னால் விற்ற வண்டிகள்? அவையும்தான் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன.

பாட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வண்டிக்குள்ளிருக்கும் கணினிக்கே தெரியும். சர்வீஸ் சென்டரில் பார்க்கலாம். வாங்குகிறவனுக்கு மட்டும் ரகசியம்!

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பழைய வண்டியை அவர்கள் 'ஒக்காசியோன்' என்பார்கள். நல்வாய்ப்பு என்றும் அதற்குப் பொருள். அந்த ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து எலெக்ட்ரிக் வண்டி பாட்டரிக்கே பாஸ்போர்ட் வரப்போகிறது. நமக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஃபாரம் 30-ல் ஒரு கட்டமும், சர்வீஸ் சென்டர் முத்திரையும் போதும். போக்குவரத்துத் துறைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

பேரன் இப்போதைக்குப் பாசஞ்சர் ரயிலில் போகிறான். விற்பவர் நேற்றும் போன் செய்தார். ஐயாயிரம் குறைத்துக்கொள்கிறாராம்.