நாமும் விருந்தினர் ஆவோம்

விருந்தோம்பல் தமிழரின் தலையாய பண்பு என்று பேச்சுப் போட்டிதோறும் முழங்குகிறோம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்று சொல்லிக் கைதட்டலும் பெறுகிறோம். விருந்து படைப்பது மட்டும்தான் பண்பா? எளியவர் படைப்பதை அவர் வீட்டில் அமர்ந்து உண்பதும் பண்பு அல்லவா? சென்ற கிறிஸ்துமஸ் காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்களை இப்படிக் கேட்க வைத்தது.

நம் ஊருக்கு அருகே பரமத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதை யாவரும் அறிவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிர் பிழைக்கக் கடல் கடந்து வந்தவர்கள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். போர் நீண்ட காலமெல்லாம் வருகையும் நீண்டது. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது போல் நம் பார்வையும் மாறியிருக்கிறதா?

வழக்கம்போல் புத்தாடையும் கேக்கும் கொண்டு போனோம். வரிசையில் நிற்கச் சொல்லிக் கொடுத்தோம். திரும்பும் வேளையில் ஒரு மூதாட்டி, "பிள்ளையள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். "நேரமில்லை பாட்டி, வேன் காத்திருக்கிறது" என்று சொல்லி ஏறிவிட்டோம். விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அம்மம்மா உங்களுக்காகப் பக்கத்து வீட்டிலே சீனி கடன் வாங்கி வச்சிருந்தவ." எங்களுக்குப் பதில் வரவில்லை. கொடுத்து மகிழும் இன்பத்தை நாங்கள் எடுத்துக்கொண்டு, அந்த அம்மையாருக்கு அதை மறுத்துவிட்டோம்.

யாக்கோபின் கிணற்றருகே நம் ஆண்டவர் என்ன செய்தார்? யூதர் சமாரியரோடு பழகாத காலம் அது. அவர் சமாரியப் பெண்ணுக்கு முதலில் எதையும் கொடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேட்டதனாலேயே அவளை மதித்தார். கொடுப்பவர் கை எப்போதும் மேலே இருக்கிறது. ஒரே பந்தியில் உண்பவர் கைகளோ சமமாக இருக்கின்றன.

இது புதுமையான எண்ணமும் அன்று. 2015இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், தடுப்பு முகாமிலிருந்து வெளிவந்த ஈழத் தமிழ் இளைஞர் சிலர் செரஸ் என்னும் சுற்றுச்சூழல் பூங்காவில் தம் ஊர்ச் சமையலைச் சமைத்துப் பரிமாறத் தொடங்கினர். நகரத்தார் பணம் கொடுத்து வந்து, நீண்ட மேசைகளில் சேர்ந்தமர்ந்து உண்டனர். 2016இல் பாரிஸ் நகரத்து உணவகங்கள் சில தம் அடுப்படியை அகதிகளாக வந்த சமையற்கலைஞர்களிடம் ஒப்படைத்து விழா எடுத்தன. அந்நியர் செய்ததை ஒரே மொழி பேசும் நாம் செய்யலாகாதா?

நம் இரு அடுப்படிகளும் அவ்வளவு தூரமில்லை. நாம் ஊறவைத்த அரிசியை ஆட்டி, அவித்து, சூட்டோடு பிழிந்து சந்தகை செய்கிறோம். அவர்கள் மாவைக் குழைத்து முதலில் பிழிந்து, பிறகு அவித்து இடியப்பம் செய்கிறார்கள். நாம் அதன்மேல் இனித்த தேங்காய்ப்பால் ஊற்றுகிறோம். அவர்கள் தேங்காய்ப்பாலில் சொதி வைக்கிறார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் மீனும் நண்டும் சேர்த்துக் காய்ச்சும் கூழ் யாழ்ப்பாணத்துப் பெருமை. காவிரிக் கரையில் வெற்றிலையும் வாழையும் கண்டு வளர்ந்த நாம், கடலோரத்துச் சுவையை அவர்கள் கையால் அறிய வேண்டாமா?

"அவர்களுக்கு வேண்டியது குடியுரிமை, விருந்தா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் இங்கே பிறந்தவர்கள்கூட, பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால் பிறப்பால் இந்தியக் குடிமக்கள் ஆவதில்லை. பதினெட்டு வயதில் எங்களுக்கு வாக்குரிமை வரும். ஒரே பெஞ்சில் அமர்ந்து அதே பாடத்தைப் படிக்கும் தோழிக்கு வராது. ஒரு வேளைச் சோறு சட்டத்தை மாற்றாது என்பது உண்மையே. ஆனால் அவள் வீட்டில் உண்டவர்கள் நாளை வாக்களிக்கும்போதும், அலுவலகத்தில் அமர்ந்து அவள் மனுவைப் படிக்கும்போதும் அவளை மறக்க மாட்டார்கள்.

"அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களுக்கு இது சுமை ஆகாதா?" என்பது இன்னொரு கேள்வி. ஆகக்கூடாது. ஆகவே எங்கள் கருத்து இதுதான்: ஆண்டுக்கு ஒருமுறையேனும், முதலில் அவர்கள் விருப்பத்தைக் கேட்டு, ஒரு பொது விருந்து வைப்போம். அரிசியும் தேங்காயும் வாழையிலையும் நம் பொறுப்பு. என்ன சமைப்பது, எப்படிச் சமைப்பது என்பது அவர்கள் முடிவு. தேங்காய் துருவுவதும், தண்ணீர் சுமப்பதும், பாத்திரம் கழுவுவதும் மாணவியர் வேலை. மேடை வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். அருட்சகோதரிகளும் பெற்றோரும் எங்களோடு தரையில் அமர்ந்து உண்டால் போதும்.

அதற்கு முன் எங்களுக்கு ஒரு கடன் இருக்கிறது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கைநிறையப் பொருளோடு போகாவிட்டாலும், நேரத்தோடு போவோம். அந்த அம்மம்மாவின் வாசலில் அமர்ந்து தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்போம்.