அப்பா சாகாத காடி

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு நூல் வெளியீடு. மண்டப வாசலில் நான் காடியை நிறுத்தி இறங்கும்போது, சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த எழுத்தாள நண்பர் ஒருவர் அருகில் வந்து பானெட்டைத் தடவிப் பார்த்தார். "அப்பாவோட காடியா? வித்துறாதீங்க. இதுல ஒரு சிறுகதை இருக்கு" என்றார்.

அது அப்பாவின் காடி இல்லை. 1995-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா ஈஸ்வரா, 1.3, கியர் காடி. 2021-இல் காப்பார் சாலையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் 3,500 வெள்ளிக்கு வாங்கினேன். அப்பா நன்றாகவே இருக்கிறார். காலையில் நடக்கப் போகிறார், மாலையில் வாட்ஸாப்பில் அரசியல் பேசுகிறார். இந்தக் காடி வீட்டு முன்னால் நிற்பது ஒன்றைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "படிச்சி வேலைக்குப் போயி இதையா கொண்டாந்து நிறுத்துவ? பக்கத்து வீட்டுல என்னா நெனைப்பாங்க?"

நம் சிறுகதைகளில் பழைய காடி வந்தாலே அப்பா செத்திருப்பார், அல்லது மூன்றாவது பக்கத்தில் சாவார். மகன் ஸ்டியரிங்கைத் தடவுவான். வெளியே மழை பெய்யும். பல நாள் கிடந்த இஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு உயிர் பெறும், மகனும் அழுவான். இப்படி நான் ஏழெட்டுக் கதைகள் வாசித்திருக்கிறேன். ஒன்றை நானே எழுதியிருக்கிறேன், எங்கே வந்தது என்று சொல்லமாட்டேன். இவற்றில் ஒரு கதையிலாவது யாராவது இஞ்சின் எண்ணெய் மாற்றியிருக்கிறார்களா? பல நாள் கிடந்த காடியின் பேட்டரி செத்திருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அழுவதற்கு முன் ஜம்பர் கேபிள் தேடவேண்டும்.

இது சின்ன விஷயம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். பழைய காடி என்றால் நமக்கு இரண்டே பேச்சு இருக்கிறது. எழுத்தாளனுக்கு அது நினைவு, மற்றவர்களுக்குக் குப்பை. இந்த இரண்டு பேச்சிலும் அந்தக் காடி ஓடுவதில்லை. என் காடி தினமும் காப்பாரிலிருந்து ஷா ஆலாமுக்கு ஓடுகிறது. மழையில், நெரிசலில், கூட்டரசு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லோரிகளுக்கு நடுவில்.

வெள்ளிக் கணக்கிலிருந்து தொடங்குவோம். இலக்கியக் கட்டுரையில் வெள்ளி பேசுவது சிலருக்குப் பிடிக்காது, இருக்கட்டும். ஒருவர் 50,000 வெள்ளி கடன் எடுத்து ஒரு புதிய காடி வாங்குகிறார். வட்டி 3 விழுக்காடு, தவணை 9 ஆண்டு. நம் ஆட்களில் பெரும்பாலோர் 9 ஆண்டுதான் போடுகிறார்கள், ஏனென்றால் மாதத் தவணை குறைவாகத் தெரியும். மொத்த வட்டி 13,500. மாதம் 588 வெள்ளி, 108 மாதம். இத்தனை காலமாக வாடகைக் கொள்முதல் கடன்களில் 'ரூல் ஒப் 78' என்ற கணக்கைப் போட்டு வந்தார்கள். அதன்படி வட்டியின் பெரும்பகுதி முதல் ஆண்டுகளிலேயே கழிக்கப்படும். மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டினால் 21,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கும். ஆனால் அசலில் குறைந்தது 14,000-கூட இருக்காது. 36,000-க்கு மேல் பாக்கி நிற்கும். காடியின் விலையோ அதற்குள் தன் பாட்டுக்கு இறங்கியிருக்கும்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் சித்தப்பா மகன் இப்படித்தான் ஒரு காடி எடுத்தான். நான்காவது ஆண்டில் வேலை போனது. இரண்டு மாதத் தவணை நின்றது, கடிதம் வந்தது, பிறகு ஒரு ராத்திரி தாரேக் ஆட்கள் வந்தார்கள். அவன் கீழே ஓடி வருவதற்குள் பிள்ளையின் பள்ளிப் பையோடு காடி போய்விட்டது. ஏலத்தில் விற்றார்கள். விற்ற காசு கடனுக்குப் பற்றவில்லை. இன்றைக்கும் அவன் கையில் இல்லாத ஒரு காடிக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் காடி எடுத்த அன்று எங்கள் குடும்பமே கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியது. என் ஈஸ்வராவுக்கு யாரும் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு 555 நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வாங்கிய விலை 3,500. முதல் ஆண்டு செலவு 7,200, அதாவது வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்கு. இரண்டாம் ஆண்டு 1,900, மூன்றாம் ஆண்டு 850, நான்காம் ஆண்டு 1,150. ஆக மொத்தம் 14,600. நாற்பத்தெட்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 304 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி, 70 வெள்ளி சாலை வரி எல்லாம் இதில் சேராது. அவை புதிய காடிக்கும் உண்டு. எனவே "பழைய காடி காசு தின்னும்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் ஆண்டில் தின்னத்தான் செய்தது. வங்கி 9 ஆண்டு தின்னும் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

அந்த முதல் ஆண்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முன்பு வைத்திருந்தவர் ரேடியேட்டருக்குக் கூலன்ட் ஊற்றாமல் வெறும் பைப் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். நம் ஊரில் பனி இல்லை, கூலன்ட் எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். கூலன்ட் துருவையும் தடுக்கும். இஞ்சின் பிளாக்கின் ஓட்டைகளை அடைக்க இரும்பில் சின்னக் கிண்ணம்போல கோர் பிளக் அடித்திருப்பார்கள். பைப் தண்ணீர் அதை உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும், வெளியே ஒன்றும் தெரியாது. எனக்கு ஒழுகியது கியர் பாக்ஸ் பக்கம் இருந்த பிளக். பிளக்கின் விலை சில வெள்ளிதான். ஆனால் கியர் பாக்ஸை இறக்கினால்தான் அங்கே கை போகும். இறக்கியதுதான் இறக்கினோம் என்று கிளட்ச்சும் மாற்றினேன். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் அதோடு போயின. பிறகு லோவர் ஆர்ம் புஷ், அப்சோர்பர், பின் சக்கர பிரேக் சிலிண்டர், பழைய பிரேக் ரப்பர் ஹோஸ்.

துரு இன்னொரு கதை. முதலில் போன பட்டறையில் பின் சக்கர வளைவில் பள்ளம் தெரியாமல் புட்டி அப்பி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் கொப்பளம் கிளம்பியது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைக் கொண்டுபோய் வைத்தேன், ஒட்டவில்லை. உள்ளே தகரமே இல்லை. வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய மறுபடியும் காசு.

மேரு சாலைப் பக்கம் இருக்கும் என் போமெனைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். அறுபது தாண்டியவர். ஒருநாள் இஞ்சின் ஐட்லிங்கில் மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. வேறொரு கடையில் கார்புரேட்டரையே மாற்றவேண்டும், 450 வெள்ளி என்றார்கள். இவர் காடியைச் சுற்றிக்கூட வரவில்லை. பானெட்டைத் திறந்து சும்மா நின்று கேட்டார். பிறகு கார்ப் கிளீனர் டின்னை எடுத்து ஒவ்வொரு வேக்கும் ஹோஸின் மேலும் லேசாக அடித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அடித்ததும் இஞ்சின் சத்தம் மாறியது.

"கேட்டியா தம்பி?"

"ஆமாண்ணே."

"அவ்ளோதான். எடுத்த ஒடனே கார்புரேட்டர கழட்டாத. அது பாவம், ஒண்ணும் செய்யல."

வெடித்துப்போன ரப்பர் குழாய். இரண்டு வெள்ளி. கூலி வாங்கவில்லை, தே ஓ ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். இவருக்குப் பிறகு அந்தப் பட்டறையில் யாரும் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். பட்டறையில் சேர்ந்த பையன்கள் மூன்று மாதத்தில் உணவு அனுப்பும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் கோபம் நம்மேல்தான். நம் பாட்டாளிகளைப் பற்றிக் கதை எழுதுகிறோம், அவர்களின் வியர்வையை எழுதுகிறோம், கரி படிந்த விரல்களை எழுதுகிறோம். அந்த விரல்களுக்குத் தெரிந்தது என்ன என்று ஒரு வரி எழுதுவதில்லை. போமென் நம் கதைகளில் குடிக்கிறார், அழுகிறார், மகளைக் கட்டிக்கொடுக்கிறார். வேக்கும் லீக் கண்டுபிடிப்பதில்லை.

இப்போது அரசாங்கத்துக்கு வருகிறேன். 2009-இல், 15 ஆண்டுக்கு மேற்பட்ட காடிகள் பரிசோதனையில் தேறினால்தான் சாலை வரி புதுப்பிக்க முடியும் என்று அறிவித்தார்கள். மக்கள் கத்திய கத்தில் அதைக் கைவிட்டார்கள். 2026-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் குச்சிக்குப் பதில் மிட்டாய் வந்திருக்கிறது: 20 ஆண்டுக்கு மேற்பட்ட காடியை ஒழித்துவிட்டுப் புதிய தேசியக் காடி வாங்கினால் 4,000 வெள்ளி வரை உதவி. மீதி 46,000 வெள்ளிக்கு வங்கி இருக்கிறது, 9 ஆண்டு இருக்கிறது. 1985-இல் வெளிவந்த முதல் சாகாவைத் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதே காடியின் தம்பிகளை நசுக்குவதற்குக் காசும் கொடுக்கிறார்கள். தேசியப் பெருமை ஒன்று கண்ணாடிக்குள் இருந்தால் போதும் போல. (பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூர் வாசகர்கள் சிரிக்கலாம். அங்கே காடிக்குப் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ், அது முடிந்தால் மறுபடியும் பெரும் தொகை கட்டவேண்டும், இல்லாவிட்டால் காடி போகவேண்டும். அங்கே முப்பது வயது ஈஸ்வராவைத் தினமும் ஓட்டுவது பணக்காரர் வேலை.)

பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக் பிடிக்காத காடி சாலையில் இருக்கக்கூடாது, அது எத்தனை வயதாக இருந்தாலும். வயதைப் பார்த்து ஒழிப்பதும் பிரேக்கைப் பார்த்து நிறுத்துவதும் வேறு வேறு. முதலாவது காடி விற்பவனுக்கு நல்லது.

என் பக்கத்தில் இருக்கும் ஓட்டைகளையும் மறைக்கப் போவதில்லை. என் காடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லை. அதன் புகை புதிய காடியின் புகையைவிட மோசம், எவ்வளவு நன்றாக டியூன் செய்தாலும். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறேன் என்று நான் போஸ்டர் ஒட்டமுடியாது. ஓடுகிற காடியை நசுக்கிவிட்டு இன்னொன்றுக்கு இரும்பும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் புதிதாக உருக்குவதற்கும் ஒரு புகை உண்டு என்று மட்டும் சொல்லலாம்.

அடுத்தது இதைவிடக் கடினம். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. குழந்தை இருக்கையை மாட்ட ஐஸோஃபிக்ஸ் கொக்கி இல்லை. என் மகளுக்கு இரண்டு வயது. அவள் இந்தக் காடியில் ஏறியதே இல்லை. மனைவி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "நீங்க போங்க. புள்ள வேணாம்." அவளிடம் ஒரு மைவி இருக்கிறது. ஆமாம், கடனில்தான், 9 ஆண்டுதான், இன்னும் ஐந்து ஆண்டு பாக்கி. இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை வாசித்துவிட்டு அவள் கேட்டாள்: "மழ பேய்ஞ்ச அன்னிக்குப் புள்ளய கிளினிக்குக்கு எந்தக் காடியில தூக்கிட்டு ஓடுனீங்க? அதையும் எழுதுங்க." எழுதிவிட்டேன். நான் வங்கியிடமிருந்து முழுதாகத் தப்பியவன் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு கடன் வேண்டாம் என்று நின்றவன், அவ்வளவுதான். அப்படி நிற்கும் இடம்கூட நம்மில் பலருக்கு இருக்கிறது என்பதுதான் என் வாதம். "முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காடி, 9 ஆண்டு" என்ற வரிசையை யார் போட்டுக் கொடுத்தார்கள்? இருபத்து மூன்று வயதில் கையெழுத்துப் போட்டால் முப்பத்திரண்டு வயது வரை பிடிக்காத வேலையைக்கூட விடமுடியாது. புத்தகம் வாங்கக் காசில்லை, நேரமில்லை என்று புலம்பும் தம்பி தங்கைகள் பலரின் வீட்டு வாசலில் நான் பார்ப்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பழைய சாகாவைத் தேடி வாங்கி, திருகாணிவரை புதிதாக்கி, துணி போட்டு மூடி, மாதம் ஒரு ஞாயிறு வெளியே எடுத்துப் படம் பிடிப்பவர்கள். அவர்கள் காசு, அவர்கள் ஆசை. ஆனால் அவர்களால் அசல் விளக்கும் கிரில்லும் விலை ஏறி, தினமும் ஓட்டுபவன் பொத்தோங் கடையில் வாய் பிளந்து நிற்கவேண்டியிருக்கிறது. நல்லவேளை, ஈஸ்வராவின் மேல் அவர்கள் கண் இன்னும் முழுதாக விழவில்லை. அது பழைய டாக்சி முகம், யாரும் கிளாசிக் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலே இருக்கட்டும்.

நூல் வெளியீட்டு நண்பருக்கு அன்று நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்து அவரை எல்ஆர்டி நிலையத்தில் இறக்கிவிட்டேன். ஏர்கோன் போட்டதும் இஞ்சின் வேகம் கொஞ்சம் இறங்கியது. "ஏதோ ஆகப் போகுதா?" என்று பிடியைப் பிடித்துக்கொண்டார். ஐட்டிலைக் கொஞ்சம் ஏற்றி வைக்கவேண்டும், ஸ்க்ரூடிரைவர் போதும் என்றேன்.

அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. நேற்று கூப்பிட்டு, ஒன்று வாங்கலாமா, எதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். காந்தம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பின் சக்கர வளைவில் வைத்துப் பாருங்கள். கால்மிதியைத் தூக்கித் தகரத்தை அமுக்கிப் பாருங்கள். மழை நாளில் போங்கள், கண்ணாடி ரப்பர் ஒழுகுகிறதா என்று தெரியும். இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். தண்ணீர் தே தாரேக் நிறத்தில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

என்னுடையது அந்த நிறத்தில்தான் இருந்தது. நான் வாங்கினேன்.