முற்றத்தில் ஒரு சங்குக்கொடி



சென்ற ஆண்டு மழைக்காலத்திற்குச் சற்று முன்னர், எங்கள் தெருவில் வசிக்கும் முதிய மாமி ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். மலேசியாவிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய மகன், உலர்ந்த நீலப் பூக்கள் அடங்கிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்துச் சென்றிருந்தார். அதனை வெந்நீரில் இட்டுக் காலையும் மாலையும் அருந்தி வருவதாக மாமி மகிழ்வுடன் கூறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, இது சர்க்கரையை இறக்கிடும்னு எல்லாரும் சொல்றாங்க. மாத்திரையை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு" என்றார்.

எனக்குத் திடுக்கிட்டது. மாமியின் காலில் சிறு புண் ஒன்று ஆறாமல் இருந்ததையும் அன்றுதான் கண்டேன். மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சர்க்கரை மிக உயர்ந்திருந்தது. காலை இழக்காமல் தப்பியது இறைவன் அருள். ஆனால் அந்தப் புண் ஆறுவதற்கு நான்கு மாதங்கள் ஆயின.

அந்தப் பூவின் மீது எனக்குக் கோபம் இல்லை. அது நம் வேலியோரங்களில் தானே படர்ந்து கிடக்கும் சங்குப்பூதான். காக்கணங்கொடி என்றும் இதனை அழைப்பர். சங்க காலத்தில் இதற்குக் கருவிளை என்று பெயர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் பூக்களில் இதுவும் ஒன்று. 1753-ஆம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய பெயரில் 'டெர்னேட்டியா' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில், கிராம்பு வணிகத்தால் புகழ்பெற்று, சுல்தான்களின் ஆட்சியில் விளங்கிய டெர்னேட் தீவே அந்தப் பெயருக்குக் காரணம். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் 'நாசி கெராபு' என்னும் நீலச் சோற்றுக்கு நிறம் ஊட்டுவதும் இந்தப் பூவே. தாய்லாந்தில் இதன் நீரைக் குளிரவைத்து விருந்தினருக்கு வழங்குவர். நம் சபராளிகள் பலர் அங்கே இதனைச் சுவைத்திருப்பர்.

அத்தனை தொலைவிலிருந்து விலை கொடுத்து வாங்கி வரவேண்டிய தேவை நமக்கு இல்லை. ஒரு தொட்டியும் நாலைந்து விதைகளும் போதும். ஆயினும், "விதை போட்டேன், முளைக்கவே இல்லை" என்று குறைப்படுவோர் பலர். காரணம் விதையின் கடினமான மேல்தோல். தண்ணீர் உள்ளே புகாதவரை அது கல்லைப் போலக் கிடக்கும்.

கொடியில் காய் முற்றிப் பழுப்பாகி உலர்ந்ததும், வெடித்துச் சிதறுவதற்கு முன்பே பறித்துக்கொள்ளுங்கள். ஒரு காயில் ஏறத்தாழ 8 முதல் 10 விதைகள் இருக்கும். விதையின் ஒரு பக்கத்தில், காயோடு ஒட்டியிருந்த சிறு தழும்பு தெரியும். அதற்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து, மேல்தோல் சற்றே வெளிறியதும் நிறுத்திவிடுங்கள். உள்ளிருக்கும் பருப்பில் காயம் படக்கூடாது. பின்னர் வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் பருத்திருக்கும் விதைகளை எடுத்து நட்டுவிடலாம். பருக்காதவற்றை மீண்டும் ஒருமுறை தேய்த்து ஊறவையுங்கள்.

12 அங்குல அகலமுள்ள தொட்டியில் செம்மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். அடியில் நீர் வடியும் துளை இருத்தல் அவசியம். அரை அங்குல ஆழத்தில் விதையை ஊன்றி, மண் ஈரமாக இருக்கும்படி மட்டும் நீர் தெளித்து வாருங்கள். ஒன்றிரண்டு வாரங்களில் முளை தலைகாட்டும். ஒரு சாண் உயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். பற்றிப் படர ஒரு கயிறோ மூங்கில் பந்தலோ வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நிழலில் வைத்தால் இலை பெருகும், பூ குறையும்.

இதற்கு யூரியா இட வேண்டாம். இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. அசுவினியோ மாவுப்பூச்சியோ கண்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நாம் பருகப்போகும் பூ என்பதால் பூச்சிமருந்தை அதனருகே கொண்டுசெல்லாதீர்கள்.

விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கத் தொடங்கும். ஒரு பூ ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். ஆதலால் காலையிலேயே பறித்துவிடுங்கள். உலர்த்தி வைப்பதாயின் வெயிலில் அன்றி நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் இடுங்கள். பானம் தயாரிக்க ஐந்தாறு பூக்களைக் கழுவிப் பச்சைக் காம்பை நீக்கி, ஒரு குவளை கொதிநீரில் இட்டு ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். நீர் ஆழ்ந்த நீலமாகும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். பூவிலுள்ள நிறப்பொருள் புளிப்புப் பட்டதும் நிறம் மாறும் இயல்புடையது. குழந்தைகளை அருகில் அமர்த்தி இதனைச் செய்து காட்டுங்கள். எந்தப் பாடநூலும் அவர்களுக்கு இவ்வளவு விரைவில் அறிவியல் புகட்டாது. இதனைத் தேநீர் என்று சொன்னாலும் இதில் தேயிலையும் இல்லை, காஃபீனும் இல்லை.

இனி மாமியின் செய்திக்கு வருவோம். பூவுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லையா எனில், சிறிது ஆராய்ச்சி நடந்திருக்கின்றது. 2018-இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில், 15 ஆண்களுக்குச் சர்க்கரை கலந்த நீரோடு இப்பூவின் சாரத்தையும் கொடுத்துப் பார்த்தனர். சாரம் சேர்த்தபோது இரத்தச் சர்க்கரை சற்றுக் குறைவாகவே உயர்ந்தது. ஆனால் அவர்கள் அனைவரும் நோயற்ற ஆண்கள். நீரிழிவுக்காரர் மாத்திரையை விட்டுவிட்டு இதனைக் குடிக்கலாம் என்று அந்த ஆய்வு கூறவில்லை. அமெரிக்க அரசு 2021-இல் இப்பூவின் சாரத்தை உணவுக்கு நிறமூட்டும் பொருளாக ஏற்றது. அது நிறத்துக்கான அனுமதியே ஒழிய மருந்துக்கான அனுமதி அன்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்போ, உலர்ந்த பூவைப் புதிய உணவாக அனுமதிப்பதில் 2022-இல் ஐயம் எழுப்பியது.

எனவே அளவோடு பருகுங்கள். கருவுற்ற பெண்கள் தவிர்ப்பது நலம். விதையும் வேரும் வயிற்றைக் கழியவைக்கும். அவற்றைக் குழந்தைகள் வாயில் இடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மருந்து உண்போர் தம் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது கடமை. சர்க்கரை நோயுள்ளவர் இந்த நீரில் சீனி கலந்து குடிப்பது என்ன நியாயம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மருந்தை நிறுத்துமாறு மாமிக்கு எவரும் தீய எண்ணத்துடன் சொல்லவில்லை. அன்பினால்தான் சொன்னார்கள். நாம் ஒருவருக்கொருவர் கூறும் கைவைத்தியக் குறிப்புகளில் "மாத்திரையை விட்டுவிடாதே" என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கூறியிருந்தால், அந்த நான்கு மாத வேதனை நேர்ந்திருக்காது. இயற்கையானது என்பதற்காக எதுவும் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. அதற்காக அதனைத் தள்ளிவைக்கவும் வேண்டியதில்லை.

இப்போது மாமியின் முற்றத்தில் ஒரு கொடி பந்தல் முழுவதும் படர்ந்திருக்கின்றது. நான்தான் விதைகளைத் தேய்த்து ஊறவைத்துக் கொடுத்தேன். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, சீனி இல்லாத நீல நீரை அவர் அருந்துகின்றார். சென்ற வாரம் சென்றபோது, முற்றிய காய்கள் நான்கைந்தைத் தாளில் மடித்து என் கையில் தந்து, "பிள்ளைகளுக்குக் கொடுங்க தம்பி. விதையைத் தேய்க்கணும்னு மறக்காமச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

அந்த விதைகள் இப்போது எங்கள் மாணவர்களின் வீடுகளில் ஊறிக்கொண்டிருக்கின்றன.